வைஃபை இணைந்திருக்கும், சாதனம் மட்டும் பதில் சொல்லாது

இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் வைத்த ஒரு சென்சாரை மொபைல் ஆப் வழியாக அமைக்க வேண்டியிருந்தது. சென்சார் தானே ஒரு ஹாட்ஸ்பாட் போடும். போன் அதில் சேர்ந்து 192.168.4.1 முகவரிக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். சிம் இல்லாத டெஸ்ட் போனில் எல்லாம் ஒழுங்கு. மொபைல் டேட்டா ஓடும் போனில் பதிலே வராமல் டைம்அவுட்.

காரணம், ஆண்ட்ராய்டின் அதிபுத்திசாலித்தனம். அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும், மொபைல் டேட்டாவையே இயல்பு நெட்வொர்க்காக வைத்துக்கொள்கிறது. நம் கோரிக்கை செல் டவர் பக்கம் போய்த் தொலைகிறது. மேலே வைஃபை ஐகான் மட்டும் சமர்த்தாக நிற்கும்!

ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் கனெக்டிவிட்டி மேனேஜரிடம், ரிக்வெஸ்ட் நெட்வொர்க் என்ற அழைப்பு மூலம் வைஃபையைக் கேட்டேன். இன்டர்நெட் வேண்டும் என்ற நிபந்தனையை அதில் சேர்க்கவில்லை. நெட்வொர்க் கிடைத்தது என்று சொல்லும் ஆன்அவைலபிள் கால்பேக் வந்ததும், அந்த நெட்வொர்க் வழியாகவே இணைப்பு திறக்கும் சாக்கெட் ஃபேக்டரியை, கோரிக்கை அனுப்பும் நூலகமான ஓகேஹெச்டிடிபியின் கிளையண்டுக்குக் கொடுத்தேன். பதில் உடனே வந்தது. பைண்ட் ப்ராசஸ் டு நெட்வொர்க் என்றும் ஒரு வழி உண்டு. ஆனால் அது ஆப் முழுவதையும் அந்த வைஃபையில் கட்டிப்போடும். கிளவுட் அழைப்புகள் அத்தனையும் படுத்துவிடும். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்ட்ராய்டு 9 முதல் மறையாக்கம் இல்லாத சாதா ஹெச்டிடிபி இயல்பாகவே தடுக்கப்படுகிறது. அதனால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ஆப்பின் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில் விலக்கு கொடுத்தேன். வேலை முடிந்ததும் கால்பேக்கை அன்ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். ஐஓஎஸ் 14 முதல் லோக்கல் நெட்வொர்க் அனுமதியும் தேவை. பயனர் மறுத்தால் அங்கேயும் இதே மௌனம்தான்.