டொக்கியூமென்டேஷன்ல திகதியும் நேரமும் எழுதக்குள்ள தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஒரு சிஸ்டத்துக்கு டொக்கியூமென்ட் எழுதுற ஆக்கள் மற்ற எல்லாத்தையும் பக்கம் பக்கமா விளக்குவாங்க, திகதி எண்டு வந்தா மட்டும் "திகதி: கொள்வனவு செய்த திகதி" எண்டு ஒரே வரியோட போயிருவாங்க. அந்த வரியில ஒண்டுமே இல்ல. சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு சொப்ட்வெயார் செய்யிறோம் எண்டு வெச்சுக்கொள்ளுங்க. நெல்லு லொறி வந்து இறங்கினது திங்கள் பின்னேரம், தராசில நிறுத்தது செவ்வாய் காலம்பற, கிளார்க் கொம்பியூட்டர்ல ஏத்தினது புதன். இதுல கொள்வனவு செய்த திகதி எது? மட்டக்களப்பில இருந்து ஆப் எழுதுற பெடியன் புதன் எண்டு எடுப்பான், கொழும்பில இருந்து ரிப்போர்ட் செய்யிற பிள்ளை செவ்வாய் எண்டு எடுப்பா, மில் முதலாளிக்கு அது திங்கள், ஏனெண்டா வெள்ளாமக்காரனுக்கு லொறி வந்த அண்டைய விலைக்குத்தான் காசு குடுக்கணும். மூண்டு பேரிலயும் பிழை சொல்ல ஏலாது, பிழை டொக்கியூமென்ட்லதான்.

அதால முதல்ல செய்யவேண்டியது, ஒவ்வொரு ஃபீல்டும் என்ன வகை எண்டு சொல்றது. வகை மூண்டுதான். ஒண்டு, உலகம் முழுக்க ஒரே கணம்: காசு கட்டினது, ஓடிபி அனுப்பினது, சிஸ்டத்தின்ட லொக்ல ஒரு பதிவு விழுந்தது. ரெண்டாவது வெறும் கலண்டர் திகதி: பிறந்த நாள், லீவு நாள், இதுக்கு டைம்சோனே கிடையாது. மூண்டாவது சுவர் மணிக்கூட்டு நேரம்: பள்ளிக்கூடம் 7.30க்கு தொடங்குது, கிளினிக் 9 மணிக்கு, இது அந்த ஊர் மணிக்கூடு காட்டுற நேரம். இந்த மூண்டையும் கலந்து எல்லாத்துக்கும் "டேட்டைம்" எண்டு ஒரே பேர் போட்டா மறுகா வாற பிழைகள ஆராலயும் பிடிக்க ஏலாது.

பிறந்த நாள வெச்சே பாருங்க. ஒருத்தர்ட பிறந்த திகதிய 1995-03-10 00:00 இலங்கை நேரம் எண்டு கணமா சேமிச்சா அது யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்தில, 1995-03-09 18:30. யூடிசியில ஓடுற சேர்வர் அதில திகதிய மட்டும் பிரிச்சு எடுத்து பிரிண்ட் பண்ணினா ஆள் ஒரு நாள் முதலே பிறந்துட்டார். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னொரு பக்கத்தால இதே சிக்கல் வரும், வெறும் திகதிய மட்டும் குடுத்தா அது யூடிசி நள்ளிரவு எண்டு எடுக்கும், திகதியோட நேரமும் சேத்து டைம்சோன் இல்லாமக் குடுத்தா லோக்கல் நேரம் எண்டு எடுக்கும். டொரண்டோவில இருக்கிற யூசருக்கு 10 ஆம் திகதி 9 ஆம் திகதியாத் தெரியிறது இதாலதான். டொக்கியூமென்ட்ல "இது கலண்டர் திகதி, டைம்சோன் மாத்தம் செய்யக்கூடாது" எண்டு ஒரு வரி இருந்தா போதும்.

அடுத்த பிழை, "எல்லாம் யூடிசியில சேமிக்கிறோம்" எண்டு எழுதிப்போட்டு வேலை முடிஞ்சது எண்டு நினைக்கிறது. நடந்து முடிஞ்ச விசயங்களுக்கு அது சரிதான், ஆனா எதிர்காலத்தில வாற சுவர் மணிக்கூட்டு நேரத்துக்கு அது சரிவராது. எங்கட நாட்டு வரலாறே இதுக்கு நல்ல உதாரணம், மட்டக்களப்பு ஆக்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. 1996 மே 25 இல நாடு மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி யூடிசிக்கு +06:30 ஆக்கினது, அதே வருசம் ஒக்டோபர் 26 இல அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து +06:00, பிறகு 2006 ஏப்ரல் 15 இல திரும்பவும் +05:30. இப்ப யோசிங்க, 2006 மார்ச்ல ஒருத்தருக்கு ஏப்ரல் 20 காலம்பற 9 மணிக்கு கிளினிக் எண்டு பதிஞ்சு அத யூடிசி 03:00 எண்டு சேமிச்சிருந்தா, மாற்றம் வந்த பிறகு அதே பதிவு 8.30 எண்டு காட்டும். டொக்டர் 9 மணிக்குத்தான் வருவார், நோயாளியும் 9 மணி எண்டுதான் கிளினிக் கார்ட்ல எழுதி வெச்சிருக்கார், சிஸ்டம் மட்டும் வேற நேரம் சொல்லுது. அப்பிடியான ஃபீல்டுக்கு லோக்கல் நேரத்தையும் ஏசியா/கொழும்பு எண்ட சோன் பேரையும் சேமிக்கணும், அத அப்பிடியே டொக்கியூமென்ட்லயும் சொல்லணும்.

அந்தப் பத்து வருசத்தப் பத்தி இன்னொண்டும் சொல்லணும். புலிகள்ட கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்த ஏற்கல்ல, அங்க பழைய நேரம்தான் ஓடினது. எழுவான்கரையில புது நேரம், மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரையில பழைய நேரம், பாலத்தத் தாண்டினா அரை மணித்தியாலம் வித்தியாசம். உலகம் முழுக்க சொப்ட்வெயார் பாவிக்கிற டைம்சோன் டேட்டாபேஸ்ல ஏசியா/கொழும்புக்குக் கீழ அரசாங்க நேரம்தான் இருக்கு. அந்தக் காலத்துப் பதிவேடுகள இப்ப கொம்பியூட்டர்ல ஏத்துற ஆக்கள், ஒரு பிறப்புப் பதிவில "காலை 6.10" எண்டு இருந்தா அது எந்த நேரம் எண்ட குறிப்பையும் சேத்து வெக்கணும், சோன் பேரப் போட்டா சரியாயிரும் எண்டு விட்டா அந்த ஆக்கள்ட பதிவு நிரந்தரமாப் பிழைச்சிரும். எனக்கு இது வெறும் டெக்னிக்கல் விசயமாத் தெரியல்ல.

சோன் பேருக்குப் பதிலா சுருக்கெழுத்து போடுறதும் கூடாது. ஐஎஸ்டி எண்டா இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? ஈஎஸ்டி எண்டு டொரண்டோ கிளையன்டும் சொல்லுவார், அவுஸ்திரேலியாவில கிழக்குக் கரையில இருக்கிற சொந்தக்காரரும் சொல்லுவார். லண்டன் கிளையன்டுக்கு "காலை 10 ஜிஎம்டி" எண்டு ஜூன் மாசத்தில எழுதினா இன்னும் மோசம், அப்ப அங்க மணிக்கூடு ஜிஎம்டிக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும், அவர் 10க்கு வந்து உக்காந்திருப்பார், நீங்க அவர்ட 11க்கு வருவீங்க. எங்களுக்கு லண்டனோட வித்தியாசம் குளிருக்க அஞ்சரை, வெயிலுக்க நாலரை, டுபாயோட வருசம் முழுக்க ஒண்டரை, கட்டாரோட ரெண்டரை. கல்ஃப்ல வேலை செய்யிற ஆக்களுக்கு ஆப் செஞ்சு பழகின டீம் வித்தியாசம் எண்டா எப்பவும் ஒரே அளவுதான் எண்டு நினைச்சு +05:30, +03:00 எண்டு ஓஃப்செட்ட (யூடிசியோட உள்ள வித்தியாசத்த) மட்டும் டொக்கியூமென்ட்ல எழுதி வெச்சிரும், லண்டன் கிளையன்ட் வந்த அண்டுதான் பிரச்சினை தொடங்கும். ஓஃப்செட் எண்டது அந்த ஒரு கணத்துக்கு மட்டும்தான், சோன் எண்டா சட்டம் முழுக்க.

எழுதுற வடிவம் பத்தி நீட்டத் தேவையில்ல. 04/05/2025 எங்களுக்கு மே 4, அமெரிக்காக்காரனுக்கு ஏப்ரல் 5. ஐஎஸ்ஓ 8601 எண்ட சர்வதேசத் தரம் சொல்ற 2025-05-04 வடிவத்தப் போடுங்க, நேரத்தோட எண்டா ஆர்எஃப்சி 3339 எண்ட இன்டர்நெட் தரத்தின்படி 2025-05-04 09:00:00+05:30, திகதிக்கும் நேரத்துக்கும் நடுவில ஏபிஐயில (சொப்ட்வெயார்கள் ஒண்டோடொண்டு டேட்டா பரிமாறுற இடத்தில) டீ (T) எழுத்து வரும். 2024 இல வந்த ஆர்எஃப்சி 9557 கடைசியில சதுர அடைப்புக்குள்ள சோன் பேரையும் சேக்க விடுது. யூசருக்கு ஸ்கிரீன்ல காட்டுற வடிவம் வேறயா இருக்கலாம், ஆனா டொக்கியூமென்ட்ல ஒரு பக்கத்தில ஒரு வடிவம், மற்றப் பக்கத்தில வேற வடிவம் எண்டு உதாரணங்கள் இருக்கவே கூடாது, ஏனெண்டா எல்லாரும் விளக்கத்த வாசிக்காம உதாரணத்தத்தான் கொப்பி பண்ணுவாங்க. அதுக்காகவே உதாரணத்தில நாள் 12க்கு மேல இருக்கிற மாதிரி எடுங்க, 2025-05-23 எண்டா ஆருக்கும் குழப்பம் வராது.

ஜாவாவில ஃபோர்மட் பட்டர்ன் எழுதுற ஆக்கள் ஆங்கில வை (Y) எழுத்தக் கவனிக்கணும். சின்ன வை நாலு போட்டா சாதாரண வருசம், பெரிய வை நாலு போட்டா வாரக் கணக்கு வருசம், அதாவது அந்த வாரம் எந்த வருசத்துக்குச் சேருதோ அது. மற்ற நாளெல்லாம் ரெண்டும் ஒண்டுதான், வருசம் மாறுற வாரத்தில மட்டும் பிழைக்கும், 2024-12-30 போய் 2025-12-30 ஆகி நிக்கும். டொக்கியூமென்ட்ல பெரிய எழுத்தில எழுதி வெச்சா ஆரோ ஒருத்தர் அத அப்பிடியே கோட்ல போடுவார்.

யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் எண்டு மட்டும் எழுதி விடுறதும் அடிக்கடி காணுற பிழை. 1970-01-01 யூடிசி நள்ளிரவில இருந்து எண்ணுறது எண்டு எல்லாருக்கும் தெரியும், செக்கனா மில்லிசெக்கனா எண்டதத்தான் ஆரும் எழுதுறதில்ல. பிஎச்பி செக்கன்ல தரும், ஜாவாஸ்கிரிப்ட் மில்லிசெக்கன்ல தரும். 1700000000 எண்ட இலக்கத்த செக்கனா எடுத்தா 2023-11-14 22:13:20 யூடிசி, எங்கட மணிக்கூட்டில அது 15 ஆம் திகதி விடியப்புறம் 03:43:20. அதே இலக்கத்த மில்லிசெக்கனா எடுத்தா 1970 ஜனவரி 20. ரிப்போர்ட்ல 1970 எண்டு கண்டா முதல்ல இதப் பாருங்க. ஃபீல்ட் பேரிலேயே அலகு இருந்தா இன்னும் நல்லம்.

அதிகமா சண்டை வாற இடம் "வரை". "மார்ச் 1 இலிருந்து 31 வரை" எண்டு ரிப்போர்ட் விளக்கத்தில இருக்கு, கோட்ல முடிவுத் திகதி 2025-03-31 எண்டு போகுது, டேட்டாபேஸ் அத 31 ஆம் திகதி 00:00 எண்டு எடுக்குது, அந்த நாள் முழுக்க நடந்த வியாபாரம் ரிப்போர்ட்ல இல்ல. அதுக்கு மருந்து எண்டு சில பேர் 23:59:59 போடுவாங்க, கடைசி செக்கனுக்குள்ள விழுந்த பதிவு அப்பவும் தப்பிரும். தொடக்கம் உள்ளுக்கு, முடிவு வெளிய எண்டு ஒரே முறைய எல்லா இடத்துக்கும் வெச்சுக்கொள்ளுங்க: 2025-03-01 00:00 உம் அதுக்குப் பிறகும், 2025-04-01 00:00 க்கு முதல். யூசருக்கு "31 வரை" எண்டே காட்டுங்க, அடியில ஓடுறது எது எண்டு டொக்கியூமென்ட்ல இருந்தா சரி.

நாள் எங்க தொடங்குது எண்டதும் எங்கட பகுதியில சும்மா விடுற விசயமில்ல. "விண்ணப்பம் வெள்ளி இரவு 12 மணி வரை" எண்டு ஒரு ஃபோர்ம்ல எழுதினா காத்தான்குடியிலயும் அக்கரைப்பற்றிலயும் மூத்த ஆக்கள் பல பேருக்கு வெள்ளி இரவு எண்டா வியாழன் மஃரிபுக்குப் (சூரியன் மறையிற நேரத்துக்குப்) பிறகு வாற இரவு, ஏனெண்டா இஸ்லாமியக் கணக்கில நாள் மஃரிபோட தொடங்குது. பஞ்சாங்கம் பாக்கிற வீட்டில நாள் சூரிய உதயத்தோட மாறும். கொம்பியூட்டருக்கு மட்டும்தான் நடுச்சாமத்தில. ஆரும் பிழையா விளங்கினாங்க எண்டு சொல்ல ஏலாது, "2025-03-07 வெள்ளிக்கிழமை, இரவு 11.59 வரை" எண்டு எழுதினா ஒரு பிள்ளையும் விண்ணப்பத்த இழக்காது. 12 ஏஎம், 12 பிஎம் ரெண்டையும் டொக்கியூமென்ட்ல பாவிக்கவே வேணாம்.

கால அளவும் அப்பிடித்தான். "ஒரு மாசம்" எண்டா 30 நாளா? ஜனவரி 31 இல எடுத்த சப்ஸ்கிரிப்ஷன் எப்ப முடியுது? 2025 ஜனவரி 31 ஓட ஒரு மாசத்தக் கூட்டச் சொன்னா ஜாவாவின்ட லோக்கல்டேட் பெப்ரவரி 28 எண்டு சொல்லும், பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்டும் சும்மா கூட்டினா மார்ச் 3 எண்டு சொல்லும், ஃப்ரொன்ட்எண்டும் சேர்வரும் வேற வேற விடை தந்தா கஸ்டமருக்கு எதக் காட்டுறது? "ஒரு நாள்" எண்டதும் "24 மணித்தியாலம்" எண்டதும் இலங்கையில இப்ப ஒண்டு, லண்டன்ல 2025 மார்ச் 30 இல நாள் 23 மணித்தியாலம்தான். "வேலை நாள்" எண்டு எழுதினா எந்தக் கலண்டர் எண்டு சொல்லுங்க. எங்கட நாட்டில பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை எண்டு மூண்டு வகை இருக்கு, மாசா மாசம் போயா (பௌர்ணமி) நாள் இருக்கு. "மூண்டு வேலை நாளில காசு வரும்" எண்ட வரிய வாசிச்சு, குடும்பத்துக்கு எப்ப காசு வரும் எண்டு பாத்திருக்கிற ஆக்கள் இருக்காங்க.

பெரும்போகம் பத்தி ஒரு வார்த்தை. அம்பாறைப் பக்கத்து விவசாய சிஸ்டங்களில "போக வருடம்" எண்டு ஒரு ஃபீல்ட் கட்டாயம் இருக்கும். பெரும்போகம் ஒரு வருசத்தில விதைச்சு மற்ற வருசத்தில வெட்டுறது, அதத்தான் 2024/25 எண்டு எழுதுறது. அதுக்கு ஒரே ஒரு இலக்கம் கேட்டா பாதிப் பேர் 2024 போடுவாங்க, மீதிப் பேர் 2025 போடுவாங்க. விதைப்புத் தொடங்கின வருசமா அறுவடை வருசமா எண்டு எழுதுங்க.

அடையாள அட்டை இலக்கத்தையும் மறந்திராதீங்க. பழைய இலக்கத்தில முதல் ரெண்டு எண் பிறந்த வருசம், அடுத்த மூண்டு வருசத்தின்ட எத்தினையாவது நாள், பெண் எண்டா அதோட 500 கூட்டினது. 2016 இல வந்த 12 இலக்க அட்டையில வருசம் நாலு எண்ணா வரும். இதில புது டெவலப்பர்கள் எல்லாரும் அடிபடுற இடம், அந்த நாள் கணக்கு எல்லா வருசத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டுதான் எண்ணுது. 1995 மார்ச் 1 இல பிறந்தவர் சாதாரணக் கணக்கில 60 ஆவது நாள், அட்டையில 061. கோட் லைப்ரரியில இருக்கிற நாள் எண்ண நேராப் போட்டா லீப் இல்லாத வருசத்தில மார்ச் 1 இலயும் அதுக்குப் பிறகும் பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப் போகும். உங்கட டொக்கியூமென்ட்ல "வருடத்தின் நாள்" எண்டு ரெண்டு இடத்தில இருந்தா ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வைங்க.

இதெல்லாத்தையும் ஒவ்வொரு பக்கத்திலயும் எழுதினா ஆறு மாசத்தில ஒண்டுக்கொண்டு முரணா நிக்கும். "நேரமும் திகதியும்" எண்டு ஒரே பக்கம், எல்லா விளக்கமும் அங்க, மற்றப் பக்கங்கள் அங்க லிங்க் குடுக்கட்டும், அதுக்குப் பொறுப்பா ஒராள் இருக்கட்டும். ரிலீசுக்கு முதல் டொக்கியூமென்ட் முழுக்க சேர்ச் பண்ணுங்க: இன்று, தற்போது, விரைவில், நள்ளிரவு, ஜிஎம்டி, 24 மணி, வரை. "தற்போது" எண்டு இருக்கிற இடத்தில வெர்ஷன் இலக்கத்தப் போடுங்க. "வரை" வாற ஒவ்வொரு இடத்திலயும் அந்த நாள் உள்ளுக்கா வெளியவா எண்டு எழுதிப்போட்டு அடுத்த இடத்துக்குப் போங்க.