பேக்கப் சர்வர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: சாவி எங்கே இருக்கிறது?

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு கடை. கல்லாவுக்குக் கீழே இருக்கும் சின்னக் கணினிதான் கடையின் சர்வர். பல வருட டிசைன்கள், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் அதில்தான். பேக்கப்பைப் பாஸ்வேர்டால் பூட்டி எடுக்கும் ரெஸ்டிக் மென்பொருளையும், அதை உலாவி வழியாக இயக்க உதவும் பேக்ரெஸ்டையும் நான்தான் போட்டுக்கொடுத்தேன். ராத்திரிதோறும் வெளி டிஸ்க்குக்கு பேக்கப் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் இடியோடு மழை. மின்சாரம் திரும்பி வந்தது, கணினி எழுந்திருக்கவில்லை. “டிஸ்க் நல்லாத்தானே இருக்கு தம்பி, வேற கம்ப்யூட்டர்ல போட்டா வந்துடும்ல?” என்று கேட்டார் கடைக்கார அண்ணன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. செருகினேன். ரெஸ்டிக் பாஸ்வேர்ட் கேட்டது. அதை, பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் வால்ட்வார்டன் மென்பொருளில் வைத்திருந்தேன். வால்ட்வார்டன் ஓடியதோ செத்துப்போன அதே கணினியில். கைபேசியில் இருந்த ஆப்பிலும் அப்போது லாகின் செய்திருக்கவில்லை.

எரிந்தது மதர்போர்டு மட்டும்தான், எஸ்எஸ்டி தப்பியிருந்தது. அதைக் கழற்றி யூஎஸ்பி உறைக்குள் போட்டு, என் மடிக்கணினியில் செருகி, பேக்ரெஸ்டின் கட்டமைப்புக் கோப்பைத் திறந்து பாஸ்வேர்டை எடுத்தேன். அண்ணன் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருந்தார். எஸ்எஸ்டியும் போயிருந்தால் அந்த டிஸ்க்கில் இருந்த ஒரு கோப்பைக்கூட மீட்டிருக்க முடியாது. ரெஸ்டிக்கில் பாஸ்வேர்டை மாற்றிக்கொடுக்க யாரும் இல்லை. அது தொலைந்தால் தரவும் தொலைந்தது.

சொந்த சர்வரில் பேக்கப் அமைப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். எதைக் காப்பாற்ற பேக்கப் எடுக்கிறோமோ, அதற்குள்ளேயே பேக்கப்பின் சாவியை வைத்துவிடுகிறோம். பாஸ்வேர்டைக் காகிதத்தில் அச்சிட்டு, சர்வர் இல்லாத வேறொரு வீட்டில் வையுங்கள். ரெஸ்டிக்கில் ஒரே களஞ்சியத்துக்கு (பேக்கப் பிரதிகள் எல்லாம் சேரும் இடம்) ஒன்றுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வைக்க முடியும். இரண்டாவதை நம்பகமான இன்னொருவரிடம் கொடுங்கள். போர்க் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாவிக்கோப்பு முறையைத் தேர்ந்திருந்தால், சாவி பேக்கப் எடுக்கும் கணினியிலேயே கிடக்கும். பாஸ்பிரேஸ் (சாவியைத் திறக்கும் நீண்ட பாஸ்வேர்ட்) மட்டும் தெரிந்து பயனில்லை. அந்தச் சாவியை ஏற்றுமதி செய்யவும், காகிதத்தில் அச்சிடவும் போர்க்கிலேயே வசதி இருக்கிறது.

அப்புறம் டிஸ்க்கின் இடம். சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால், மேசைக்கு வருவது இரண்டுக்கும் வரும். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கில் வந்த வெள்ளத்தை இங்கிருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற சர்வர் வாடகை நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறை இன்றைக்கும் பொருந்தும்: 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வேறு இடத்தில். கடை ஜார்ஜ்டவுனில் இருந்தால் ஒரு பிரதி பட்டர்வொர்த்தில் தம்பி வீட்டில் இருக்கட்டும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்து எழுதும் ரெய்ட் போட்டிருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். ரெய்ட் ஒரு டிஸ்க் பழுதானால் உதவும். தவறி அழித்த கோப்பை அது அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிடும்.

வெளி டிஸ்க்கில் இன்னொரு பொறி உண்டு. சர்வர் மறுபடி தொடங்கும்போது டிஸ்க் இணையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது இணைய வேண்டிய கோப்புறை மட்டும் காலியாக அங்கே இருக்கும். சாதாரண நகல் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காது. காலிக் கோப்புறையிலேயே எழுதும், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே. டிஸ்க் நிரம்பி சர்வர் படுக்கும்போதுதான் விஷயம் தெரியும். பேக்கப் தொடங்கும் முன் டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். பேக்ரெஸ்ட் 9898 போர்ட்டில் (இணைப்பு நுழையும் வாசல் எண்) ஓடும். அதை டாக்கரில் அப்படியே வெளியிட்டால் எல்லா முகவரிகளிலும் திறந்துகொள்ளும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்திருந்தாலும் டாக்கர் தன் விதிகளால் அதைத் தாண்டிப் போய்விடும். வயர்கார்ட் போன்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) அமைத்து, போர்ட்டை சர்வரின் விபிஎன் முகவரிக்கு மட்டும் கட்டிவைத்து, வெளியிலிருந்து அதன் வழியாகவே வாருங்கள். கன்டெய்னருக்கு உங்கள் கோப்புகளைப் படிக்கும் உரிமை போதும், எழுதும் உரிமை வேண்டாம்; கோப்புகளை மீட்கும் நாளில் மட்டும் அதைத் திறந்துகொள்ளலாம்.

ரெஸ்டிக்கை நேரடியாக டாக்கரில் ஓட்டுபவர்கள் கன்டெய்னருக்கு நிலையான கணினிப் பெயர் (ஹோஸ்ட்நேம்) வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை புதிதாக உருவாக்கும்போதும் பெயர் மாறும். பழையவற்றைக் கழிக்கும் விதி, கணினிப் பெயரையும் கோப்புப் பாதையையும் வைத்துத்தான் பிரித்துப் பார்க்கிறது. பெயர் மாறினால் பழைய பிரதிகள் தனிக் குவியலாக அப்படியே தங்கிவிடும். பழைய பிரதிகளைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஃபர்கெட் கட்டளை மட்டும் கொடுத்துவிட்டு இடம் காலியாகவில்லையே என்று பார்ப்பவர்களும் உண்டு. பயன்படாத தரவை உண்மையில் அழிக்கும் ப்ரூன் கட்டளை ஓடினால்தான் இடம் கிடைக்கும்.

நேரத்தையும் பாருங்கள். கன்டெய்னர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். ராத்திரி 2 மணி என்று நினைத்து வைத்த வேலை இங்கே காலை 10 மணிக்கு, கடை சுறுசுறுப்பாக இருக்கும்போது ஓடும். நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று எழுதிவிட்டால் சரி.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் சிக்கினால் அது திறக்காது. போஸ்ட்கிரஸ் என்றால் பிஜி டம்ப், மைஎஸ்க்யூஎல் என்றால் மைஎஸ்க்யூஎல் டம்ப் கொண்டு முதலில் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைப் பேக்கப் எடுங்கள்.

அழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். பேக்கப் அனுப்பும் சர்வருக்கே பழைய பிரதிகளை அழிக்கும் உரிமையும் இருந்தால், அதற்குள் நுழைந்து தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்க்காரனுக்கும் அந்த உரிமை கிடைத்துவிடுகிறது. ரெஸ்டிக் பிரதிகளைப் பெற்றுவைக்கும் ரெஸ்ட் சர்வரில், புதியதைச் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறை இருக்கிறது. போர்க்கிலும் உண்டு. பழையதைக் கழிக்கும் வேலையைத் தனியாக, வேறு கணக்கிலிருந்து செய்யுங்கள்.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. பிஜி டம்ப்பின் பழைய பதிப்பு ஓடியதால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான், கைகொடுத்தது. ஆகவே தோற்றால் சொல் என்று மட்டும் அமைக்காதீர்கள். வெற்றி பெற்றால் ஒரு சமிக்ஞை அனுப்பட்டும். அது வராத நாளில் வெளியில் இருக்கும் ஒரு சேவை உங்களை எழுப்பட்டும். ஹெல்த்செக்ஸ் என்ற சேவை இதற்காகவே இருக்கிறது.

அந்த இடி மழைக்குப் பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை கடைக்கார அண்ணனோடு உட்கார்ந்து மீட்டுப் பார்க்கிறோம். ஒரு பழைய மடிக்கணினி, அதில் ரெஸ்டிக் மட்டும். பேக்ரெஸ்ட் கூடக் கிடையாது. சர்வரை நான் தொடுவதில்லை. அண்ணன் தன் தம்பி வீட்டில் இருக்கும் உறையைப் பிரித்து, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்வார். முதல் தடவை ஒரு எழுத்து சின்னதா பெரியதா என்று தெரியாமல் 4 முறை தவறியது. அன்றே பெரிய எழுத்தில் மறுபடி அச்சிட்டு வைத்தோம். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்துக்கொள்கிறோம். வெளியூர்ப் பிரதியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கினால் 1 டிபிக்கு 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தை மாத முகூர்த்த நேரத்தில் அவ்வளவு நேரம் கடை காத்திருக்க முடியாது. அதனால் நடப்பு டிசைன்கள் இருக்கும் கோப்புறையை மட்டும் முதலில் இறக்குவது என்று முடிவு செய்து, அந்தக் கோப்புறையின் பெயரையும் அதே காகிதத்தில் பாஸ்வேர்டுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறோம்.