ரோட்டரி இன்ஜினுக்குப் பேக்கப் இன்ஜெக்டர் சுவிட்ச்: மாட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இன்னொரு சுவிட்ச் இருந்தால் என்ன கெட்டுப்போகும்?" ஜோகன்னஸ்பர்க் பக்கம் ரேண்ட் விமான நிலையமானாலும் சரி, டர்பனில் கடலோரத்து வெர்ஜினியாவானாலும் சரி, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் நாலு பேர் ப்ராய் (இறைச்சி சுடுகிற) அடுப்பைச் சுற்றி நின்றால் இந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடும். (புரட்டாசியில் எனக்கு அங்கே சுட்ட மீலி (மக்காச்சோளம்) மட்டும்தான், அதனால் காது கொடுத்துக் கேட்க நிறைய நேரம் கிடைக்கும்.) பதில்: கெட்டுப்போக நிறைய இருக்கிறது. எந்தக் கோளாறுக்காக அந்தச் சுவிட்ச் என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் அதை மாட்டாமல் இருப்பதே மேல்.

முதலில் அமைப்பு. ரோட்டரி என்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றுகிற இன்ஜின், நம்மூரில் அது பெரும்பாலும் மஸ்டா 13பி. 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. ஒவ்வொரு ரோட்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பிரைமரி இன்ஜெக்டர், ஒரு செகண்டரி இன்ஜெக்டர், ஆக நாலு. இன்ஜெக்டரின் ஒரு ஒயருக்கு 12 வோல்ட் நேராக வந்துகொண்டே இருக்கும், இன்னொரு ஒயர் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான கன்ட்ரோலருக்குப் போகும், அங்கே உள்ள டிரான்சிஸ்டர் அதை எர்த்தோடு சேர்க்கும்போது இன்ஜெக்டர் திறக்கும். கோளாறான இன்ஜெக்டரை அணைத்துவிட்டு மிச்சத்தில் ஓட்டத்தான் பேக்கப் சுவிட்ச், அது உட்காருவது அந்த 12 வோல்ட் ஒயரில்.

இதைப் புரிந்துகொண்டாலே முதல் தவறு என்னவென்று தெரிந்துவிடும்: சுவிட்ச் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி மூடாமல் போனாலோ, கன்ட்ரோலருக்குப் போகிற ஒயர் எங்காவது உரசி விமானத்தின் உலோக உடம்பில் பட்டாலோ, அந்த இன்ஜெக்டர் மூடாமல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். சுவிட்ச் உண்மையில் உதவுகிற இடம் இதுதான். தூசி மாட்டி இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசி திறந்தபடியே நின்றுவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி ஒரு பயனும் இல்லை. பம்ப் நின்றாலும், ஃபில்டர் அடைத்தாலும், டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தாலும், கோடை மதியத்தில் உயரத்து ஊரில் எரிபொருள் குழாயில் ஆவி கட்டினாலும் இந்தச் சுவிட்ச் வேடிக்கைதான் பார்க்கும். இன்ஜின் நின்றுபோகிற கதைகளில் எரிபொருள் வந்து சேராத கதைகளே அதிகம் காதில் விழுகின்றன. ஆகவே இரண்டாவது பம்ப், அதற்குத் தனி ஃபியூஸ், தனி ஃபில்டர் என்று இன்னும் செய்யாதவர்கள் சுவிட்ச் பலகையைத் தொடுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

ஊசி திறந்தபடி மாட்டிக்கொண்ட நிலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கை தானாகவே தப்பான காரியத்தைச் செய்யும். பழைய எஃப்சி மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில், டர்போ இல்லாத இன்ஜினில் வந்த இன்ஜெக்டர் முழுக்கத் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 460 சிசி விடும். 160 குதிரைத்திறனில் ஒரு ரோட்டருக்குத் தேவை ஏறக்குறைய 410 சிசி (கணக்கு கீழே வருகிறது). அதாவது அந்த ரோட்டரின் மற்ற இன்ஜெக்டரை அணைத்துவிட்டால், முழு த்ராட்டிலில் அந்த ரோட்டர் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடும், அவ்வளவுதான். த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்தால் தேவை பாதியாகும், வருவது அதே 460. ப்ளக் நனைந்து அந்த ரோட்டர் அணைந்துவிடும். இன்ஜின் குலுங்கினதும் த்ராட்டிலை இழுப்பது எல்லோருக்கும் பழக்கம், ஆனால் இங்கே சக்தியைக் கூட்டியே வைத்து, பழுதில்லாத மற்ற வரிசையை (பிரைமரி இரண்டும் ஒரு வரிசை, செகண்டரி இரண்டும் இன்னொன்று) அணைத்துவிட்டு ஓடுதளத்தைப் பார்க்கத் திரும்புவதைத்தான் கணக்கு சொல்கிறது. வெள்ளம் கட்டின ரோட்டரி திரும்பக் கிளம்ப எவ்வளவு அடம்பிடிக்கும் என்று ஆர்எக்ஸ் கார் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்: ரோட்டர் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீலின் எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும், கம்ப்ரெஷன் இறங்கிவிடும்.

அடுத்தது பிரிக்கிற விதம். நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே சுவிட்ச் என்று கட்டியிருப்பதைப் பார்க்கிறேன். லோட்ஷெடிங் காலத்தில் இன்வெர்ட்டரைப் பெரிதாகப் பார்த்து வாங்கிவிட்டு, நடுவிலே மலிவான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, அது கருகியதால் மெயின்ஸ் இருக்கும்போதே வீட்டை இருட்டாக்கிக்கொண்ட கதைதான் இது. ஒரு ஒயர் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போனால் நாலும் போச்சு. பிரைமரி இரண்டுக்கும் ஒரு ஃபியூஸ் ஒரு சுவிட்ச், செகண்டரி இரண்டுக்கும் இன்னொன்று; மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பஸ்பாரிலிருந்து கிளம்பும்போதே இரண்டும் தனி வழி. இன்னும் சிலர் ரோட்டர் வாரியாகப் பிரிக்கிறார்கள், முன் ரோட்டருக்கு ஒன்று, பின் ரோட்டருக்கு ஒன்று என்று. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை அணைத்தால் மிச்சம் இருப்பது ஒற்றை ரோட்டர், செத்த ரோட்டரின் உராய்வையும் அதுவே இழுத்தாக வேண்டும், பாதிச் சக்திகூட மிஞ்சாது. நாலுக்கும் நாலு சுவிட்ச் வைப்பதும் வேண்டாம். 500 அடி உயரத்தில் கோளாறு எந்த இன்ஜெக்டர் என்று கண்டுபிடிக்கிற வேலை யாருக்கும் நடக்காது.

சரி, வரிசை வாரியாகப் பிரித்தாயிற்று. ஒரு வரிசை மட்டும் இன்ஜினைத் தாங்குமா? இங்கேதான் பலர் கணக்கே போடுவதில்லை. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு எரிபொருள் என்பது பழைய கைக்கணக்கு, ரோட்டரிக்கு முழுச் சக்தியில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் ஆகும். 160 குதிரைத்திறனுக்கு 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ, மணிக்கு 49 லிட்டர், நிமிடத்துக்கு 817 சிசி. ஒரு ரோட்டருக்கு 409. இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட், அந்த ஒரு சுற்றில் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை மூச்சு இழுக்கும். 460 சிசி இன்ஜெக்டர் ஒன்று மட்டும் அவ்வளவு எரிபொருளைத் தர 10இல் 8.9 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். திறப்பதற்கே வீணாகிற நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். கூட்டினால் 9.9. அதாவது இடமே மிச்சமில்லை; கையில் இருப்பது கொஞ்சம் பழைய இன்ஜெக்டர் என்றால் ரிச்சாக ஓட வேண்டிய இடத்தில் இன்ஜின் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு பொறி உண்டு. ரேண்ட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,500 அடி உயரம், அங்கே காற்றழுத்தமே 18 சதவீதம் போல் குறைவு. அதே இன்ஜின் அங்கே இழுக்கிற காற்றும் குறைவு, வேண்டிய பெட்ரோலும் குறைவு: ஒரு ரோட்டருக்கு 335 சிசி, திறக்க வீணாகிற நேரத்தையும் சேர்த்து 8.3 மில்லிசெகண்ட். சோதித்துப் பார்த்தவர் "ஒற்றை வரிசையிலேயே ஜம்மென்று ஓடுது" என்று குறித்துவைப்பார், அவர் சொல்வது பொய்யும் இல்லை. டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெர்ஜினியாவுக்கு இறங்கிப் போய், திரும்பும் நாளில் கடல் மட்டத்தில் முழு த்ராட்டில் கொடுத்து எழும்போது அந்தச் சோதனை செல்லாக் காசு. உயரத்தில் கட்டுகிறவர்கள் கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டு இன்ஜெக்டர் அளவைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் டர்பனிலோ மார்கேட்டிலோ ஒருமுறை சோதித்துப் பாருங்கள். டர்போ மாடலில் வந்த 550 சிசி இன்ஜெக்டர் போட்டால் மேலே தாராளம், ஆனால் ஐடிலில் சீராக ஓட வைப்பது அதற்கேற்பக் கஷ்டம்.

இப்போது எனக்கு மிகவும் பயமான தவறு. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் குறைந்த சக்தியில் பிரைமரியை மட்டும் ஓட்டும். மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தம்) ஒரு அளவைத் தாண்டினால்தான் செகண்டரியையும் சேர்க்கும். இதை மறந்துவிட்டு, கிளம்புமுன் 2000 ஆர்பிஎம்மில் செகண்டரி சுவிட்சை அணைத்துப் பார்த்து "ஒன்றும் ஆகலையே, நல்லாத்தானே இருக்கு" என்று திருப்திப்படுகிறார்கள். அந்த நேரத்தில் செகண்டரி ஓடவே இல்லை, அப்புறம் என்ன ஆகும்? அதைவிட மோசமானது மறுபக்கம். பிரைமரியில் கோளாறு, அணைத்துவிட்டீர்கள், செகண்டரியில் நன்றாகவே பறந்து வருகிறீர்கள், இறங்குவதற்காக த்ராட்டிலை இழுக்கிறீர்கள், மேனிஃபோல்ட் பிரஷர் அந்த அளவுக்குக் கீழே போகிறது, கன்ட்ரோலர் தன் வழக்கப்படி செகண்டரியை நிறுத்துகிறது. இன்ஜின் நிற்கும், அதுவும் ஓடுதளத்துக்கு முன்னால், தாழ்வாக வரும்போது.

அதனால் 12 வோல்ட்டை மட்டும் வெட்டுகிற சுவிட்ச் பாதிச் சுவிட்ச். ஒரு வரிசை அணைந்துவிட்டது என்று கன்ட்ரோலருக்கும் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் மிச்ச வரிசையின் திறப்பு நேரத்தை இரட்டிப்பாக்கும், எந்தச் சக்தியிலும் அதை விடாமல் ஓட்டும். இரண்டு துருவ சுவிட்ச் வைத்து ஒரு துருவத்தில் மின்சாரம், இன்னொன்றில் கன்ட்ரோலருக்குச் செய்தி என்று கட்டலாம். உங்கள் கன்ட்ரோலரில் அப்படி ஒரு உள்ளீடு இல்லையென்றால் கையால் திருப்புகிற மிக்ஸ்சர் குமிழியில் பெட்ரோலை எவ்வளவு கூட்ட முடிகிறது என்று பாருங்கள். இரண்டு மடங்கு வரை போகவில்லை என்றால் இந்தச் சுவிட்சால் பயனில்லை என்றுதான் சொல்வேன்.

செய்தி போகிற துருவத்தில் ஓடுவது சில மில்லிஆம்ப். பெரிய கரண்டுக்கான வெள்ளித் தொடுமுனை அவ்வளவு சின்ன கரண்டில் நாளடைவில் படலம் கட்டி ஏமாற்றும், தங்கம் பூசியது வேண்டும். வெர்ஜினியா மாதிரிக் கடல் உப்பு அடிக்கிற இடத்தில் நிறுத்துகிறவர்கள் மூடிய, சீல் வைத்த சுவிட்சாகவே வாங்குங்கள். 250 வோல்ட் ஏசி என்று மட்டும் போட்டிருக்கும் ஹார்டுவேர் கடைச் சுவிட்ச் வேண்டாம். டிசி அளவு எழுதியிருக்க வேண்டும். நடுவில் ரிலே வைக்கிறீர்கள் என்றால், சுருள் செத்தாலும் இன்ஜெக்டருக்கு மின்சாரம் போகிற பக்கமாகக் கட்டுங்கள்.

இரண்டாவது பேட்டரியை டயோடு வழியாகச் சேர்க்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண சிலிக்கன் டயோடு 0.7 வோல்ட் போலச் சாப்பிடும். இன்ஜெக்டர் திறக்க ஆகிற வீண் நேரம் வோல்ட் குறையக் குறைய நீளும். 10 வோல்ட்டில் 14 வோல்ட்டைவிட இரட்டிப்பு ஆனாலும் ஆச்சரியமில்லை. கன்ட்ரோலர் இதைச் சரிக்கட்டத்தான் செய்கிறது, ஆனால் அது அளப்பது தன் சொந்த ஒயரில் வருகிற வோல்ட்டை. கன்ட்ரோலருக்கு ஒரு வழி, இன்ஜெக்டருக்கு டயோடு தாண்டி இன்னொரு வழி என்றால் கணக்கு தப்பும், ஆல்டர்நேட்டர் போன நேரமாகப் பார்த்துத் தப்பும்.

இடம். பம்ப், லேண்டிங் லைட், இன்ஜெக்டர் எல்லாம் ஒரே மாதிரி டாகிள், ஒரே வரிசை, பார்க்க அழகு. 1987 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிளம்பிய டெல்டா போயிங் 767இல் கேப்டன் இன்ஜின் கன்ட்ரோல் சுவிட்சைத் தொடப்போய் எரிபொருள் சுவிட்சுகளை அணைத்துவிட்டார், இரண்டு இன்ஜினும் நின்றன. திரும்பக் கிளப்பிக் காப்பாற்றினார்கள். இரண்டு பைலட் உட்கார்ந்திருந்த விமானத்திலேயே அப்படி. நம் சுவிட்ச் இழுத்துத் தூக்கினால் மட்டுமே நகரும் பூட்டு டாகிளாக இருக்கட்டும், பம்ப் சுவிட்சுகளை விட்டுத் தள்ளி இருக்கட்டும், ஒன்றை அணைத்ததும் விரல் தானாக அடுத்ததற்குப் போகாதபடி இரண்டுக்கும் நடுவே இடம் விடுங்கள்.

பிறகு சோதனை. ஒவ்வொரு ரன்-அப்பிலும் (கிளம்புமுன் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது) த்ராட்டிலை செகண்டரி சேருகிற அளவுக்கு மேலே கொண்டுபோய், ஒரு வரிசையை அணைத்து ஆர்பிஎம் பார்த்து, திரும்பப் போட்டு, மற்றதையும் அப்படியே. அதே இடத்தில் பிரைமரியை அணைத்தபடி த்ராட்டிலை மெதுவாக ஐடில் வரை இழுத்தும் பாருங்கள், நின்றால் தரையிலேயே நிற்கட்டும். பறந்து சோதிப்பது ஓடுதளத்துக்கு நேர் மேலே, நல்ல உயரத்தில், தனியாகப் பறக்கும்போது.

ஏற்கெனவே ஆதரிட்டி டு ஃப்ளை (பறக்கும் அனுமதி) வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் இசட்யூ பதிவு கொண்ட விமானத்தில் இதைப் புதிதாக மாட்டுகிறீர்கள் என்றால் விமானத்தைச் சரிபார்க்க அனுமதி பெற்ற உங்கள் அப்ரூவ்டு பர்சனிடம் ஒயர் வரைபடத்தோடு முதலிலேயே பேசிவிடுங்கள், லாக்புக்கில் எழுதுங்கள், எந்தச் சுவிட்ச் எதை வெட்டுகிறது என்பதையும் அதை அணைத்தபின் த்ராட்டிலை எப்படி வைக்க வேண்டும் என்பதையும் கைப்புத்தகத்தில் அரைப் பக்கம் சேர்த்துவிடுங்கள்; நாளைக்கு விமானத்தை விற்றால் வாங்குகிறவருக்கு உங்கள் கன்ட்ரோலரின் குணம் தெரிந்திருக்காது.