ஜெர்மன் வகுப்பில் ரோல் பிளே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீங்க ரிசப்ஷனிஸ்ட், நீங்க நோயாளி. பேசுங்க!" ஏ1, ஏ2 எனும் தொடக்க நிலை வகுப்புகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். இருவர் கையிலும் ஒன்றுமில்லை. யார் யாரிடம் எதைக் கேட்பது? மூன்றாவது வரியில் பேச்சு நின்றுவிடும்.

ஒருவருக்குத் தேவையானது மற்றவரிடம் மட்டும் இருக்க வேண்டும். ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் ஏ2 பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதி அப்படித்தான்: ஆளுக்கொரு கால அட்டவணை, இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பேசியே பிடிக்க வேண்டும். நம் காட்சிக்கும் இரண்டு அட்டை போடலாம். ரிசப்ஷன் அட்டை: செவ்வாய் 9.30, வியாழன் 16.15 மட்டும் காலி. அவசரம் என்றால் இன்றே வரலாம், ஆனால் கேட்டால்தான் சொல்ல வேண்டும். நோயாளி அட்டை: மூன்று நாளாகக் காய்ச்சல், தினமும் 14 மணி வரை வேலை, வியாழன் மாலை பிள்ளையை அழைத்துவர வேண்டும். இரண்டு நேரமும் ஒத்துவராது. அதனால் பேசியே தீர வேண்டும். அட்டையை எட்டிப் பார்க்காமலிருக்க முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். போன் பேச்சுக்கும் அதுவே பயிற்சி.

அட்டையில் முழு ஜெர்மன் வாக்கியம் எழுதினால் அது வாசிப்புப் பாடமாகிவிடும். நிலைமையைத் தமிழிலேயே குறிப்பாகத் தாருங்கள், ஜெர்மன் சொல்லை அவர்களே தேடட்டும். யார் யாரோடு பேசுகிறார் என்பதையும் எழுதுங்கள். கிளினிக்கில் 'ஸீ' (நீங்கள்), வகுப்புத் தோழனிடம் 'டூ' (நீ). நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு இது கடினமே இல்லை. அட்டையில் உறவு இல்லாததால்தான் குழம்புகிறது.

தயாரிப்பே இல்லாமல் தொடங்குவதும் தவறு. இரண்டு மூன்று நிமிடம் கொடுத்து, ஐந்தாறு தொடர்களைப் பலகையில் வையுங்கள். 'இஷ் ஹெட்டெ கெர்ன் ஐனன் டெர்மீன்' என்று நேரம் கேட்பது ஒன்று. புரியாதபோது 'வீ பிட்டெ?' என்று திருப்பிக் கேட்பது இன்னொன்று. இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு ஜோடியாக முன்னால் நிறுத்தாதீர்கள். 20 பேர் வகுப்பில் ஜோடிக்கு 3 நிமிடம் என்றால் அரை மணி நேரம் போகும். ஒருவர் பேசியது சராசரியாக ஒன்றரை நிமிடம். எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் பேசினால் அதே அரை மணியில் ஆளுக்கு 15 நிமிடம் கிடைக்கும். சத்தம் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும்.

பேச்சின் நடுவே 'டெர் இல்லை, டீ' என்று, பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் முன்சொல்லைத் திருத்திக் குறுக்கிட்டால் அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகும். நடந்துகொண்டே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நான்கைந்து பிழைகளை மட்டும், யார் சொன்னதென்று காட்டாமல், பலகையில் எழுதித் திருத்த வையுங்கள். பொருளே மாறும் பிழைக்கு முதலிடம்.

பிறகு பலர் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். திருத்தியது வாயில் ஏறுவது இரண்டாம் சுற்றில்தான். ஜோடியை மாற்றுங்கள், பாத்திரத்தை மாற்றுங்கள், அட்டையில் நாளையும் நோயையும் மட்டும் மாற்றுங்கள். தனியாகப் பேசும் பயிற்சி என்றால் ஒரே விஷயத்தை மூன்று புதிய ஆட்களிடம் 4, 3, 2 நிமிடங்களில் சொல்ல வைக்கலாம். ஏ1 வகுப்புக்கு 2 நிமிடத்தில் தொடங்கினால் போதும்.