பொடுசை எந்த ஸ்கூல்ல போடறீங்க? பள்ளி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் காங்கேயம் பக்கம் ஒரு கேள்வி கிளம்பிவிடும். கல்யாணப் பந்தியில், பால் சொசைட்டி வாசலில், சந்தைக்குப் போகும் பஸ்ஸில், யாரைப் பார்த்தாலும் “பொடுசை எந்த ஸ்கூல்ல போடறீங்க?” என்பார்கள். சின்னவனைச் சேர்க்க வேண்டிய வருடம் நான் சொன்ன பதில், “எங்க ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிதானுங்க.” கேட்ட பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “விடு கண்ணு, தறி நல்லா ஓடட்டும், அடுத்த வருசம் மாத்திக்கலாம்” என்றார். எங்களிடம் பணம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். யோசித்து எடுத்த முடிவாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெரியவளை முதலில் சேர்த்தது தனியார் பள்ளியில். கீழே சொல்கிற தவறுகளில் பாதி நானே செய்தவைதான். இப்போது ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருப்பதால் மீதிப் பாதியை அக்கம்பக்கத்தில் பார்க்கிறேன்.

பிள்ளை எப்படி வர வேண்டும் என்று வீட்டில் பேசாமலே பள்ளியைத் தேடக் கிளம்புவதுதான் முதல் தவறு. நல்லா படிக்கணும் என்று எல்லாருமே சொல்வோம். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. பெரியவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ராத்திரி நானும் வீட்டுக்காரரும் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பேசினோம். பயப்படாமல் கேள்வி கேட்க வேண்டும். தமிழ்ப் பேப்பரை யார் உதவியும் இல்லாமல் படிக்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையோடும் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொழுதோட, அதாவது சாயங்காலம், விளையாட நேரம் இருக்க வேண்டும். இந்த நான்கும்தான் வந்தன. மூன்று வருடம் ஃபீஸ் கட்டிய பள்ளியில் இந்த நான்கில் ஒன்றைப் பற்றிக்கூட நாங்கள் விசாரித்ததில்லை. கட்டடத்தைப் பார்த்தோம், பஸ் வருமா என்று கேட்டோம், சேர்த்துவிட்டோம்.

பஸ் வருமா என்று கேட்டவர்கள் பிள்ளை எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்கவில்லை. நம் ஊரில் எல்லா வீடும் ஊருக்குள் இருப்பதில்லை. தோட்டத்துக்கு ஒரு சாளை (தோட்டத்து வீடு), சாளைக்கு ஒரு தடம். வேன் ஒவ்வொரு தடமாக நுழைந்து திரும்பித்தான் போகும். முதலில் ஏறும் பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீடு இரண்டாவது நிறுத்தம். யுகேஜி படித்த பெரியவளை ஆறே முக்காலுக்கு வேனில் ஏற்றும்போது பாதி நாள் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். வாயில் போட்ட இட்லியை மெல்லாமலே கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்குவாள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் வேனிலேயே போயிற்று. பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் நீங்களே அந்த வேனில் ஏறி, முதல் நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை போய்ப் பாருங்கள்.

அப்புறம் பாடத்திட்டம். மெட்ரிக் என்றால் புத்தகமே வேறு என்று இன்னமும் நம்புகிறவர்கள் நிறைய. ஒரு காலத்தில் அது உண்மை. சமச்சீர் கல்வி 2010-இல் 1, 6 ஆகிய வகுப்புகளில் தொடங்கி, 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 10-ஆம் வகுப்புவரை வந்துவிட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கும் பாடநூல் ஒன்றுதான். சிபிஎஸ்இ வேண்டும் என்று யோசித்து முடிவு செய்தால் அது வேறு விஷயம். புத்தகம் வேறு என்று நினைத்துக்கொண்டு மெட்ரிக்குக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆங்கிலத்தில்தான் எல்லாரும் விழுகிறோம், நானும் விழுந்தேன். பெரியவள் மழையைப் பற்றி ஒரு ஆங்கிலப் பாட்டைக் கையை ஆட்டி ஆட்டிப் பாடுவாள். ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால் பாடச் சொல்லிக் காட்டுவேன். ஒரு நாள் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தூறல் விழுந்தது. “இந்தப் பாட்டுல வர்ற ரெயின் எங்க இருக்குது சாமி?” என்று கேட்டேன். அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். கதவுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்ததுதான் அது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆங்கில வழியில் படிப்பது வேறு, ஆங்கிலம் வருவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் பேசும் மொழியில் சரளமாகப் படிக்க வந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியை ஏற்றுவது சுலபம். இரண்டும் அரைகுறையாக நிற்கும் பிள்ளை கணக்கில் வரும் கேள்வியைக்கூடப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்யும். ஆங்கில வழிதான் வேண்டும் என்றாலும், 2012-13 முதல் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பிரிவு இருக்கிறது. தமிழ் வழியில் படித்தால் பின்னால் கதவு அடைபடும் என்ற பயமும் சரியில்லை. மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-லிருந்து சட்டமாக இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, நகையை அடகு வைத்தாவது 11-க்கு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று சொன்னாலே கோழிப்பண்ணைக்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கும் அடுத்து இந்தப் பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். அங்கே பல பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் 12-ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் திருப்பித் திருப்பி நடத்தினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் 11-க்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. ஆகவே 11-ஆம் வகுப்புப் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீட்டில் 11-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும்.

விடுதிப் பள்ளிக்கு மாற்றுவதில் இழப்பது என்ன என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை என்னவென்றால், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் 11-இல் தனியாருக்கு மாறினால் போயிற்று. டவுனில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். அது இந்த ஒதுக்கீட்டில் வராது.

எங்கள் ஊரில் ஒரு பெண் பத்தாவது வரை அரசு உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவி. அப்பா டிரைவர். இரண்டு வருட விடுதிக்கும் ஃபீசுக்குமாக அம்மாவின் தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையும் பேங்க்குக்குப் போனது. விண்ணப்பம் நிரப்பும் நாளில் கம்ப்யூட்டர் சென்டர்காரர் “ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட்டாம்மா?” என்று கேட்டபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “சேர்க்கறப்ப ஒருத்தரும் இதச் சொல்லலியே கண்ணு?” அதற்கு நான் என்ன சொல்வது? புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், அது 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான் அந்தப் பணம். நான்கு வருடப் படிப்புக்கு 48,000 ரூபாய். அந்த வீட்டுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

சில பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஒத்துப்போகலாம், மறுக்கவில்லை. கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு, பிள்ளையிடமும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். “அங்க யார் ஊட்டுப் புள்ளைங்க படிக்குது?” என்று விசாரித்துவிட்டுப் பள்ளியை ஒதுக்குகிறோம். இதற்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். 2018-இல் அவினாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக்கூடாது என்று பெற்றோரே மறித்தார்கள். 2023-இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கும் அதே தகராறு வந்தது. இரண்டும் நம் கொங்கு நாட்டில் நடந்தவை. பிள்ளைக்கு ஒழுக்கம் வேண்டும், பண்பு வேண்டும் என்று பேசும் நாம்தான் கூட உட்காரும் பிள்ளையின் தெருவையும் விசாரிக்கிறோம். என் மகன் வகுப்பில் காலனிப் பிள்ளைகள் உண்டு. தறிக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவனும் உண்டு. போன வருடம் சின்னவன் எனக்குத் தெரியாத பாஷையில் பத்துவரை எண்ணிக் காட்டினான். அந்த ஒடிசாப் பையன் சொல்லிக்கொடுத்தானாம். எந்த ஃபீஸ் கட்டி இதை நான் வாங்கியிருக்க முடியும்?

அரசுப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அதுவும் தவறுதான். ஒரு வேலை நாளில் காலை பதினோரு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்தான். அந்த இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். இது பெரிய குறைதான், மறைக்க முடியாது. ஆனால் அந்தக் குறை எப்படி வந்தது? தலையை எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம். நாம் ஒவ்வொருவராகப் பிள்ளையை வேனில் ஏற்ற ஏற்ற, ஊர்ப் பள்ளியில் ஆள் குறைகிறது, ஆசிரியரும் குறைகிறார். பிறகு வாத்தியாரே இல்லாத பள்ளியில் எப்படிப் போடுவது என்று நாமே கேட்கிறோம்.

தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தவர்களும் உரிமை தெரியாமல் போகாதீர்கள். மாநிலத்தில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். பள்ளியில் சேர்க்கப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இன்டர்வியூ வைப்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி குற்றம், முதல் தடவைக்கே 25,000 ரூபாய்வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பு இடங்களில் 25 சதவீதம் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு. அரசுப் பள்ளிக்கு மாற வேண்டும் என்றால், அதே சட்டப்படி பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானது என்று புதுப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. பெரியவளை மாற்றும்போது பழைய பள்ளியில் எங்களை மூன்று வாரம் அலையவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் அவள் வீட்டில் சும்மா இருந்தாள். இந்தப் பிரிவு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அடுத்த நாளே ஊர்ப் பள்ளியில் உட்கார வைத்திருப்பேன்.

சேர்த்துவிட்டு வந்த பிறகு செய்கிற தவறும் ஒன்று உண்டு. அது கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதி பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நான் போன முதல் கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். பால் கறக்கும் நேரம் என்று தீர்மான நோட்டில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு நான்கு பேர் கிளம்பிவிட்டார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை.

அதே ஊர்தான் ஆண்டு விழாவில் மேளம் அடித்துக் கல்விச் சீர் கொண்டுபோனது. பீரோ, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, குடம், தட்டைத் தாம்பாளத்தில் வைத்து ஊர்வலம். நல்ல வழக்கம்தான். 1950-களின் பிற்பகுதியில், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு இயக்குநராகவும் இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர் ஊராக மக்கள் இப்படித்தான் பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர்வலத்தில் தாம்பாளம் தூக்கி வந்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அந்த நேரத்தில் வேறு பள்ளி வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

கழிப்பறைத் தாழ்ப்பாளுக்காக மூன்று கூட்டம் தொடர்ந்து பேசினோம். மூன்றாவது கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, கிராம சபையிலும் வைத்தோம். அடுத்த வாரம் ஆள் வந்து போட்டுவிட்டுப் போனார். இப்போது நோட்டில் குடிதண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி எழுதியிருக்கிறோம். பால் கறக்கும் நேரம் இடிக்காமல் அடுத்த கூட்டத்தை மூன்று மணிக்கே வைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.