மாட்யூல் என்றால் தனிக் கோப்பு என்று நினைத்துவிடாதீர்கள்

ஆயிரம் வரி நிரலை நான்கு கோப்புகளாக வெட்டிவிட்டு, மாட்யூல்களாகப் பிரித்தாயிற்று என்று நிம்மதி அடைகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு நிரல் கோப்பையும் மாட்யூல் என்றே அழைப்பதால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் வடிவமைப்பில் மாட்யூல் என்பது, நாளை மாறக்கூடிய ஒரு முடிவைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, பிறருக்குத் தேவையானதை மட்டும் வெளியே காட்டும் பகுதி.

கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரை இதை அழகாக விளக்குகிறது. சொல்லடைவு தயாரிக்கும் சின்ன நிரல் ஒன்றை அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், வேலை நடக்கும் வரிசைப்படி: உள்ளீடு, வரிகளைச் சுழற்றுதல் (முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் வைப்பது), அகரவரிசைப்படுத்தல், வெளியீடு. நமக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் வரிகளை நினைவகத்தில் வைக்கும் முறையை மாற்றினால், எல்லாப் பகுதிகளிலும் கை வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது விதத்தில் அந்த முறை ஒரே ஒரு மாட்யூலுக்குத்தான் தெரியும். திருத்தமும் அங்கேயே முடிந்துவிடும்.

நம் அன்றாட வேலையிலும் இதே கதைதான். வாடிக்கையாளர் பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பில், அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் கோப்பில், இருக்கிறது. ஐந்து இடங்களில் வரியைக் காற்புள்ளியில் உடைத்து, மூன்றாவது துண்டைத் தொலைபேசி எண் என்று எடுத்திருக்கிறோம். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ந்தால் ஐந்தும் தவறான மதிப்பைக் கொடுக்கும், பிழைச்செய்தி எதுவும் வராமலேயே. "இந்த வாடிக்கையாளரின் எண்ணைக் கொடு" என்று கேட்க ஒரே ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் துண்டு) இருந்திருந்தால் ஒரே இடத்தில் சரிசெய்திருக்கலாம். எதை எங்கே வெட்டுவது என்று தெரியாதபோது, எது மாறப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள். கோப்பு எத்தனை வரி என்பது பெரிய விஷயமே இல்லை.

அப்புறம், 'யூட்டில்ஸ்' என்று பெயர் வைத்த பொதுவான உதவிக் கோப்பு. தேதியை வடிவமைப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, வட்டி கணக்கிடுவது எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். எங்கே வைப்பது என்று தெரியாததெல்லாம் அங்கே போய்ச் சேருவதால் அது வளர்ந்துகொண்டே போகும். நிரலின் எல்லா மூலையும் அதைச் சார்ந்துவிடும். பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியவில்லையா, பிரித்துவிடுங்கள்.

இம்போர்ட் செய்தவுடனே, அதாவது வேறொரு கோப்பில் பயன்படுத்த உள்ளே கொண்டுவந்தவுடனே, வேலையைத் தொடங்கிவிடும் மாட்யூல்களிடமும் கவனம் தேவை. பைத்தானில் ஒரு மாட்யூலை முதல்முறை இம்போர்ட் செய்யும்போது ஃபங்ஷனுக்குள் இல்லாத அதன் மேல்மட்ட வரிகள் எல்லாம் ஓடும். தரவுதளத்தோடு இணைக்கும் வரி அங்கே இருந்தால், ஒரு சின்ன ஃபங்ஷனைச் சோதித்துப் பார்க்கக்கூடத் தரவுதளம் வேண்டியிருக்கும். அந்த வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, தேவைப்படும்போது அழையுங்கள்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கோப்புக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைத்தால், பைத்தானோடு சேர்ந்தே வரும் அதே பெயருள்ள மாட்யூலுக்குப் பதிலாகப் பைத்தான் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளக்கூடும். புதியவர்கள் இதில் மணிக்கணக்கில் தவிப்பார்கள்.

கடைசியாக, சுழல் சார்பு. 'ஆர்டர்' மாட்யூல் 'பில்'லை இம்போர்ட் செய்கிறது, 'பில்' திரும்ப 'ஆர்டரை' இம்போர்ட் செய்கிறது. அப்போது ஒன்று பாதி மட்டுமே உருவான நிலையில் மற்றொன்றுக்குக் கிடைக்கும், பிழை வரக்கூடும். இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள் நகர்த்தினால் பிழை போய்விடும், உண்மைதான். சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று தவறான இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது விலைக் கணக்கு போல ஒரு சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அதை மூன்றாவது மாட்யூலாக எடுத்து வைத்தால், இரண்டும் அதை இம்போர்ட் செய்துகொள்ளலாம்.