சிமெண்ட் வேலை செய்கிற கையில் காயமா? தோல் சுரக்கும் மருந்தைக் கெடுக்காதீர்கள்

ஆத்தங்குடி சிமெண்ட் தரைக்கல் போடுகிறவர்கள், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும்தான் இது.

நம் தோல் தானே கிருமிக்கொல்லி தயாரிக்கிறது. பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துணுக்குகள். அவற்றில் எல்எல்-37 என்கிற ஒன்றில் மொத்தமே 37 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள். அதற்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம், அதனால் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழித்துவிடுகிறது. கூடவே வெள்ளையணுக்களையும் காயத்துக்கு வரவழைக்கிறது. வியர்வையில் டெர்ம்சிடின் என்கிற இன்னொரு பெப்டைடு இருக்கிறது, 2001-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள், வியர்வையின் உப்பிலும் லேசான புளிப்பிலும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

அந்தப் புளிப்புக்குத்தான் சிமெண்ட் எமன். பிஹெச் என்பது புளிப்பையும் அதற்கு எதிரான காரத்தையும் அளக்கும் எண், ஒன்று கூடினால் காரம் பத்து மடங்கு. தோலின் பிஹெச் 5 வாக்கில், ஈர சிமெண்ட் 12-க்கு மேல், அதாவது காரம் கோடி மடங்கு கூடுதல். கை வெடிப்பது இதனால்தான்.

அதனால் ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே சிமெண்ட் புகுந்தால் உடனே கழற்றிக் கையையும் உறையையும் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள், உள்ளேயே ஊறினால் வெறுங்கையை விட மோசம். கல் ஊறுகிற தொட்டித் தண்ணீரில் கை கழுவவே கூடாது, அதிலும் காரம்தான்.

வெட்டுப்பட்டால் ஓடுகிற நல்ல தண்ணீரில் மணல் போகும்வரை கழுவுங்கள். அப்புறம் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள், தயவுசெய்து. நுரைக்கிற பெராக்சைடைத் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் செல்களும் சேர்ந்து சாகும். சின்னக் காயமென்றால் வாசலின் லேசாகத் தடவிச் சுத்தமான துணியால் மூடினால் போதும். வாசலின் சும்மா மேலே கிடக்கிற பிசுக்கு இல்லை, அதைத் தடவிய தோலில் இந்தப் பெப்டைடுகள் கூடுவதை 2016-இல் வந்த ஆய்வு காட்டியது. ராத்திரி படுக்கும் முன் வெடிப்புகளுக்கும் அதையே தடவலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு களிம்பு மட்டும் வேண்டாம், அரிப்பு அடங்கும், தோலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்கும்.

சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கவே வேண்டாம். சிமெண்ட் பட்டு வெந்த புண் முதலில் வலிக்காமலும் இருக்கும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆழமான வெட்டு என்றால் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள், நினைவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.